வெளிச்சம் குறைந்த தொட்டியும் நீ கேட்ட கேள்வியும்

அன்பு மகனே,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. "அம்மா, நான் அங்க வந்திடட்டா?" என்று கேட்டாய். லீவில் வருவதைப் பற்றி நீ கேட்கவில்லை, மெல்பேர்ண் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாகக் கொழும்புக்கு, இந்த வெள்ளவத்தை வீட்டுக்கே வந்துவிடுவதைப் பற்றித்தான் கேட்கிறாய் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியபடியால்தான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் ஹோலில் உன் மீன்தொட்டிக்கு முன்னால் கதிரையில் இருந்தேன். அதற்குப் பிறகு வட்ஸ்அப்பில் 'வா' என்று எழுதி அழித்தேன். 'கொஞ்சம் பொறு' என்று எழுதி அதையும் அழித்தேன். அந்தப் பக்கம் நீ, அம்மா ஏதோ எழுதுகிறாள், பிறகு நிறுத்துகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்திருப்பாய். அதனால்தான் தாள் எடுத்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அப்பா படம் பிடித்து அனுப்புவார். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். தலை சுற்றிப்போய் இருப்பவளுக்குச் சுருக்கமாக எழுத வராது.

உண்மையைச் சொன்னால், நீ கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அது அடங்குவதற்குள் பயமும் வந்துவிட்டது. இந்த ஃபிளாட்டில் மாடிக்கு மாடி பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனியே இருக்கிறவர்கள்தான். கனடா, லண்டன், சிட்னி. கலியாணத்துக்கு வருவார்கள், செத்த வீட்டுக்கு வருவார்கள், வந்த சூட்கேஸை முழுதாக அவிழ்க்காமலே திரும்பிப் போவார்கள். ஒரேயடியாகத் திரும்பி வந்த பிள்ளை ஒன்றைக் காட்டு என்று கேட்டால் நான் யாரைக் காட்டுவது? நான் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. ஆனால் உன் அப்பா லிஃப்டுக்குள் வாயை விட்டுவிட்டார். அடுத்த நாளே மூன்றாம் மாடி பவானி அன்ரி கறிவேப்பிலை கேட்கிற சாட்டில் வந்து நின்றார்.

"மகன் வாறாராமே, ஏனாம்? அங்க ஏதும் பிரச்சினையோ?" என்றார்.

"பிரச்சினை ஒண்டும் இல்லை அன்ரி, சும்மா ஒரு கதை" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் நான் உண்மையாகவே யோசிக்கத் தொடங்கினேன்.

இதற்கும் மீன்தொட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்பாய். எனக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன்னைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால் தொட்டியில் போய் முடிகிறது, தொட்டியைத் துடைக்கத் தொடங்கினால் உன்னில் போய் முடிகிறது. ஆகவே அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நீ போகிறபோது இந்த ஹோல் எப்படி இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பின்னேர வெயில் கடல் பக்கத்திலிருந்து யன்னலால் நேரே உள்ளே வந்து தொட்டியில் விழும். நீ ஆசையாக வளர்த்த சிவப்புச் செடிகள் அந்த நேரத்தில் விளக்கேற்றி வைத்த மாதிரி இருக்கும். நீ போய்க் கொஞ்சக் காலத்தில் பக்கத்து வளவில் கட்டடம் எழும்பத் தொடங்கியது. ஒரு மாடி, இன்னொரு மாடி என்று ஏறிக்கொண்டே போனார்கள். இப்போது யன்னலைத் திறந்தால் தெரிவது கடல் இல்லை, யாரோ ஒருவரின் குளியலறை யன்னல். மத்தியானத்திலும் லைற் போட்டுத்தான் அப்பா பேப்பர் படிக்கிறார். உன் சிவப்புச் செடிகள் முதலில் சிவப்பை விட்டன, பிறகு இலையை விட்டன, கடைசியில் வெறும் குச்சியாக நின்றன. நான் உனக்குச் சொல்லவில்லை. வீடியோவில் நீ தொட்டியைக் காட்டச் சொன்ன நாட்களில் கமெராவை மீன்களுக்குக் கிட்டப் பிடித்தேன்.

வெளிச்சம் இல்லை என்றால் கொடுத்துவிட்டால் போயிற்று என்று அப்பா நினைத்தார். பெரிய பல்ப் ஒன்று வாங்கி வந்து தொட்டி மூடியில் கட்டினார். காலையில் எழும்பியதிலிருந்து படுக்கும்வரை எரியவிட்டோம். செடி வளரவில்லை. பாசிதான் வளர்ந்தது. கண்ணாடி, கல், வடிகட்டிக் குழாய் எல்லாம் பச்சை. மீன் உள்ளே இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் போனபோதுதான் உன்னிடம் உண்மையைச் சொன்னேன். நீ ஏசவில்லை. "வெளிச்சத்தைக் கூட்டாதேங்கோ அம்மா, செடியை மாத்துங்கோ. நிழலில வளருற செடியள் இருக்கு. கொஞ்ச நேரம் சின்ன லைற் எரிஞ்சால் அதுகளுக்குக் காணும்" என்று சொன்னாய். இருக்கிற வெளிச்சத்துக்குத் தக்க செடியைத் தேட வேண்டும் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அப்பாவும் நானும் கடல் பக்க ஒழுங்கையில் இருக்கிற மீன்கடைக்குப் போனோம். நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலில் நின்று பிராக்குப் பார்க்கிற அதே கடைதான். அந்தக் கடைக்கார நானா இப்போதும் அங்கேதான் இருக்கிறார், தாடி மட்டும் வெள்ளை. "வெளிச்சம் இல்லாத வீட்டுக்கு ஏதும் செடி தாங்கோ நானா" என்றேன். "வெளிச்சம் இல்லாத ஊடா? கொழும்புல இப்ப எல்லா ஊடும் அப்பிடித்தானே அன்ரி" என்று சிரித்துவிட்டு இரண்டு வகைச் செடி எடுத்தார்.

ஒன்றின் பெயர் அனுபியாஸ். வெற்றிலை மாதிரித் தடித்த கரும்பச்சை இலை, இஞ்சி மாதிரிப் படுத்துக் கிடக்கிற ஒரு தண்டு. "இத மண்ணுக்குள்ள பொதைக்க வாணாம். கட்டையில கட்டி உட்ருங்க. பொதைச்சா அழுகிப் போகும்" என்றார். மற்றது கிரிப்ட். மண்ணிறமும் பச்சையும் கலந்த நீள இலை. "இத மண்ணுல நட்டு அப்பிடியே உட்ரணும். கை வைக்கப்படாது. நம்ம நாட்டுச் சாமான்தான், காட்டு ஆத்துல நிழல்ல கெடக்கிறது. வெளிநாட்டுக்கெல்லாம் போகுது இது" என்றார். நல்ல தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் மரக்கறி வாங்கினோம், பவானி அன்ரியைக் கண்டோம், கதைத்தோம். கதவைத் திறக்கும்போது எதை நடுவது எதைக் கட்டுவது என்பது இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. "இஞ்சேரப்பா, செடி எண்டால் மண்ணிலதானே நடுறது, ரெண்டையும் நடு" என்றார் அப்பா. நானும் நட்டேன்.

இனி என் வெள்ளிக்கிழமைக் கதை. வெள்ளிக்கிழமை வீடு கழுவாமல் எனக்கு விளக்கேற்ற மனம் வராது என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ ஈரத் தரையில் வழுக்கி விழுந்தது எல்லாம் வெள்ளிக்கிழமைகளில்தான். சாமித் தட்டு, குசினி, வாசற்படி என்று ஒன்றையும் விடமாட்டேன். தொட்டி இருப்பது சாமித் தட்டுக்குப் பக்கத்தில். எல்லாம் பளிச்சென்று இருக்க அது மட்டும் அடியில் ஊத்தையோடு இருப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? ஒவ்வொரு வெள்ளியும் செடிகளைப் பிடுங்கி ஒரு வாளியில் போட்டு, கல்லையும் மணலையும் அள்ளி அரிசி களைகிற மாதிரிக் களைந்து, திரும்பப் போட்டு, திரும்ப நட்டேன். பிடுங்கும்போது வேர் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வெள்ளையாக நூல் மாதிரி ஒன்று தெரிந்தால் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அடுத்த வெள்ளி பிடுங்கிப் பார்த்தால் அது இருக்காது. எனக்குக் காரணம் விளங்கவில்லை. இன்னும் கொஞ்சம் நன்றாகக் கழுவிப் பார்ப்போம் என்று நினைத்தேன்.

இரண்டு செடியும் ஒரே காலத்தில் வாடத் தொடங்கின. இலை மஞ்சளாகி, கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் கஞ்சி மாதிரிக் கரைந்து வந்தது. உனக்குக் காட்டினேன். என்ன செய்தீர்கள் என்று கேட்டாய், வெள்ளிக்கிழமைக் கழுவலைச் சொன்னேன். பிறகு, "அம்மா, வேர் பிடிச்சுதோ எண்டு ஒவ்வொரு வெள்ளியும் புடுங்கிப் பார்த்தால், அது எந்தச் சனிக்கிழமையம்மா வேர் பிடிக்கிறது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நீ போனில் அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"இலையெல்லாம் போனாலும் எறியாதேங்கோ. இடம் மாறினால் அது அப்பிடித்தான் உருகும். உள்ளுக்கு உயிர் இருக்கும். பொறுங்கோ" என்றும் சொன்னாய். பொறுத்தேன். அது எனக்கு எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் தொட்டிக்கு மேல் பழைய சேலை ஒன்றைப் போட்டு மூடிவிட்டுத்தான் மற்ற இடங்களைக் கழுவினேன், கண்ணில் பட்டால் கை சும்மா இராது என்பதால். கிரிப்ட் இருந்த இடத்தில் கொஞ்சக் காலம் வெறும் மணல்தான். செத்துவிட்டது, பிள்ளை மனம் நோகும் என்று பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். ஒரு நாள் காலையில் மணலுக்குள்ளிருந்து ஊசி மாதிரிச் சுருண்ட ஒரு இலை நீட்டிக்கொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் அப்பா முகச்சவர நுரையோடு ஓடி வந்தார்.

ஆனால் அனுபியாஸ்? அதற்கும் அதே பொறுமைதான் காட்டினேன். நீ பொறு என்று சொன்னது கிரிப்டுக்கு மட்டும்தான், மற்றதையும் மண்ணில் புதைத்து வைத்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. இரண்டுக்குமாக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன். அது ஒவ்வொரு இலையாக விட்டுக்கொண்டே போனது. கடைசியில் தொட்டியைத் திறந்தால் நாற்றம். அப்பா பிடுங்கிப் பார்த்தார். மண்ணுக்குள் புதைந்திருந்த தண்டு முழுவதும் கூழாகிவிட்டது. நுனியில் கட்டைவிரல் அளவு துண்டு மட்டும் கெட்டியாக இருந்தது. அதை வெட்டி, என் தையல் பெட்டிக் கறுப்பு நூலால் ஒரு மரக்கட்டையில் கட்டி விட்டோம். அது பிழைத்துவிட்டது, இப்போது இரண்டு இலை இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அந்தத் துண்டும் போயிருக்கும்.

என் குழப்பம் என்னவென்று இப்போது உனக்கு விளங்கும். வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரித்தான் வாடின. அதே மஞ்சள், அதே கண்ணாடி இலை. ஒன்று வேர் பிடிக்கிறதுக்கு முதல் உருகியது, விட்டுவிட்டதால் பிழைத்தது. மற்றது அழுகிக்கொண்டிருந்தது, எடுத்ததால் பிழைத்தது. வீடியோவில் நான் உன் முகத்தைப் பார்க்கிறேன். மெலிந்திருக்கிறாய். எப்போது பார்த்தாலும் உனக்குப் பின்னால் அதே வெள்ளைச் சுவர். சாப்பிட்டாயா என்றால் "ஓம் அம்மா, சாப்பிட்டனான்" என்கிறாய், என்ன சாப்பிட்டாய் என்றால் கொஞ்சம் யோசிக்கிறாய். இது வேர் பிடிக்க முதல் வருகிற வாட்டமா, இல்லை உள்ளுக்குள் அழுகுகிறதா? பொறு என்று சொல்வதா, வா என்று சொல்வதா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை மகனே.

பொறு என்று சொல்லலாம் என்று நினைத்தால் உன் பேராதனைப் பல்கலைக்கழகக் காலம் ஞாபகம் வருகிறது. ஹொஸ்டலுக்குப் போன புதிதில் தினமும் போன் எடுத்து, குளிர் என்றாய், சாப்பாடு சரியில்லை என்றாய், ஒருவரும் கதைக்கிறார்கள் இல்லை என்றாய். அந்த வருடம் முடிவதற்குள், லீவுக்கு வா என்று நான்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. அப்போது நான் ஓடிவந்து கூட்டிக்கொண்டு போயிருந்தால் வீட்டையே மறக்கவைத்த அந்தச் சிநேகிதர்கள் உனக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள். அப்போ நீ கிரிப்ட்தான் என்று முடிவுகட்டிவிட்டு எழும்பினால், எதிரே உன் அப்பா பேப்பரோடு இருக்கிறார்.

உன் அப்பாவும் திரும்பி வந்தவர் என்பது உனக்குத் தெரியும், ஆனால் முழுக்கதை தெரியாது. எங்களுக்குக் கலியாணம் ஆன புதிதில் டோஹாவுக்கு வேலைக்குப் போனார். போன வேகத்தில் வந்துவிட்டார் என்று சொந்தக்காரர் எல்லாரும் பகிடி பண்ணினார்கள். விமான நிலையத்தில் அவரைக் கண்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு கறுத்து, ஒடுங்கிப்போய் இருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் கணக்கெழுதப் போய், அங்கேயே இருந்து, உன்னைப் படிப்பித்து, இன்று வெள்ளவத்தையில் இந்த இருட்டு ஹோலில் லைற் போட்டுப் பேப்பர் படிக்கிறார். இந்தக் கிழமை அவரிடம் கேட்டேன், அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. "இருந்திருப்பன். இருந்து பழகியிருப்பன். ஆனால் சிரிக்க மறந்திருப்பன்" என்றார். எனக்குத் தெரிந்து அவர் தன்னைப் பற்றிச் சொன்ன மிக நீளமான கதை அதுதான்.

இதற்குள் இன்னொரு சந்தேகமும் வந்துவிட்டது. நான் தினமும் போன் எடுத்து, வேலை எப்படி, மனேஜர் இன்னும் ஏசுகிறாரா, கூட்டாளிமார் கிடைத்தார்களா, முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்கிறேனே, அது என்ன? ஒவ்வொரு நாளும் எனக்கு வெள்ளிக்கிழமைதான் போலிருக்கிறது. நீ அங்கே வேர் பிடிக்காமல் போனதே என்னால்தானோ என்று யோசித்து, அதற்குப் பிறகு போன் எடுக்காமல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அம்மா ஏன் மௌனம் என்று நீ நினைத்திருப்பாய். கோபம் என்று நினைத்தாயோ? கோபம் இல்லையடா. கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன், அவ்வளவுதான். அதுவும் எனக்குச் சரிவரவில்லை.

நேற்றுப் பின்னேரம் நான் தொட்டிக்கு முன்னால் இருந்து அந்தக் கிரிப்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் நின்றார்.

"இஞ்சேரப்பா, பெடியன் கேட்டது உன்னட்ட. நீ என்னத்துக்கு மறுமொழியைத் தொட்டிக்குள்ள தேடுறாய்?" என்றார்.

"நீங்கள் சொல்லுங்கோவன் பாப்பம், அவன் வாறதோ, நிக்கிறதோ?" என்று சீறினேன்.

"எனக்கென்ன தெரியும்? எனக்கு வாய் திறந்து கேக்கத் தெரியேல்ல, வந்திட்டன். அவன் கேட்டிருக்கிறான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் நான் கனநேரம் அங்கேயே இருந்தேன். அனுபியாஸ் அழுகியபோது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. கிரிப்ட் உருகியபோதும் சொல்லவில்லை. சொல்ல அதுகளுக்கு வாய் இல்லை, அதனால்தான் நான் இலையைப் பார்த்தும் மூக்கால் மணந்து பார்த்தும் தடுமாறினேன். நீ கேட்டாய். சின்ன வயதிலிருந்தே எதையும் வாய்விட்டுக் கேட்கிற பிள்ளை இல்லை நீ. சப்பாத்துக் கடித்துக் கால் புண்ணானாலும் சொல்லாமல் நடந்து வருவாய், இரத்தம் காலுறையில் தெரிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவரும். அப்படிப்பட்டவன் "வந்திடட்டா?" என்று கேட்டிருக்கிறாய். அதைக் கேட்க உனக்கு எத்தனை நாள் பிடித்ததோ. நான் இல்லாத பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஓடிவிட்டேன்.

வா மகனே. நீ எந்தச் செடி என்று நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, இனிக் கண்டுபிடிப்பேன் என்றும் தோன்றவில்லை. வந்து பார். பிழை என்று உனக்குப் பட்டால் திரும்பிப் போ, அப்போதும் ஏன் என்று கேட்கமாட்டேன். பவானி அன்ரிக்கும் லிஃப்டில் வருகிற மற்றவர்களுக்கும் மறுமொழி நான் சொல்லிக்கொள்கிறேன், அது என் வேலை. வீடு இருட்டாகத்தான் இருக்கும், கடல் தெரியாது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வந்து கொஞ்ச நாள் நீ இங்கேயும் வாடித்தான் இருப்பாய், இடம் மாறினால் அப்படித்தான் என்று நீதானே எனக்குச் சொல்லித் தந்தாய். அந்த நாட்களில் வேலை தேடினாயா, என்ன யோசனை, இனி என்ன செய்யப் போகிறாய் என்று உன்னைக் கேட்கமாட்டேன் என்று எழுதத்தான் ஆசை. எழுதினால் பொய்யாகிவிடும். நான் கேட்பேன், உனக்கு என்னைத் தெரியும். கேட்டால், "அம்மா, இண்டைக்கு வெள்ளிக்கிழமை இல்லை" என்று மட்டும் சொல்லு. நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன்.

எந்த நாளுக்கு டிக்கெட் கிடைத்தாலும் எடு. வெள்ளிக்கிழமைக்குத்தான் கிடைக்கிறது என்றாலும் யோசிக்காமல் எடு. அந்த வெள்ளி நான் வீடு கழுவப் போவதில்லை.

உன் அம்மா